கலைச்சொல் வேண்டும்: நிறைந்ததும் தானே நிற்கும் சார்ஜர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை போடுகிறோம். வீட்டு பேட்டரிகளுக்கு எந்தச் சார்ஜர் வாங்குவது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இங்கே தோட்டத்து வீடுகளில் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களின் தலைவிளக்கு, பிள்ளைகளின் விளையாட்டுக் கார், சுவர்க் கடிகாரம் எல்லாம் பேட்டரியில்தான் ஓடுகின்றன.

கடைத்தெருவில் கிடைக்கும் மலிவுச் சார்ஜரில் குழி நான்கு இருக்கும், விளக்கு இரண்டுதான். சோடி சோடியாகத்தான் அது ஏற்றும். சோடியில் ஒன்று பாதி தீர்ந்தது, மற்றது முழுக்கத் தீர்ந்தது என்று வையுங்கள். முதலாவது நிறைந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சுடும், ஆயுள் குறையும். நல்ல சார்ஜர் ஒவ்வொன்றையும் தனியாகக் கவனித்து, நிறைந்ததை நிறுத்திவிடும். பெட்டியிலோ ‘ஸ்மார்ட்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. வாங்கும் தாய்மாருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. விளங்கும்படி ஒரு சொல் தாருங்கள்.

– ஆசிரியை, சுங்கை சிப்புட்

---

டீச்சருக்கு வணக்கம். ‘நிறைவறி மின்னூட்டி’ என்று வையுங்கள். நிறைவை அறியும் மின்னூட்டி. அறி மின்னூட்டி என்பது வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். உண் என்பதன் பிறவினை ஊட்டு. குழந்தைக்கு வயிறு நிறைந்தபின் ஊட்டக்கூடாது என்பது தாய்க்குத் தெரியும். கருவிக்கும் அது தெரிய வேண்டும் என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. துண்டறிக்கையில் பேட்டரி என்று எழுதாமல் மின்கலம் என்றே எழுதுங்கள். கலம் என்றால் பாத்திரம், கப்பல், அணி. கலங்கரை விளக்கத்தில் இருப்பதும் இந்தக் கலம்தான். ‘மின்சாரம்’ என்பதையும் தவிர்க்கலாம், சாரம் வடசொல். மின் என்றாலே போதும்.

– ஈப்போ

---

ஐயா, எங்கள் பாடநூல்களில் மின்னேற்றம் என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்னூட்டம் என்கிறார்கள். ஏறு, ஏற்று, மின்னேற்றி. ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற நன்னூல் விதி இரண்டுக்கும் ஒன்றுபோலவே பொருந்துவதால், புணர்ச்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு வேறொரு கவலை. ‘நிறைவறி’ என்பதைப் பழக்கமில்லாதவர்கள் ‘நிறை, வறி’ என்று பிரித்து வாசிப்பார்கள். நிறைவு போய் வறுமை வந்துவிடும். ‘தன்னிறுத்தி’ சுருக்கமாக இருக்கிறதே?

– யாழ்ப்பாணம்

---

நிறுத்தல் என்றால் எடை போடுவதும்தான். நிறுத்தல் அளவை என்று பள்ளியில் படித்தவர்கள் ‘தன்னிறுத்தி’யைத் தானே எடை பார்க்கும் தராசு என்று எண்ண இடமுண்டு. நிறு, நிறை, நிறுவு, நிறுத்து இவை ஒரே வேரா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

– ஈப்போ

---

கொஞ்சம் பொறுங்கள். சொல்லுக்குமுன் கருவியைப் பார்ப்போம். தானே நிறுத்துவது வேறு, நிறைவை அறிவது வேறு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய வகைப் பேட்டரி, ஏற ஏற அதன் வோல்ட் கூடிக்கொண்டே போகும். நிறைந்ததும் சில மில்லிவோல்ட் இறங்கும், சூடும் ஏறும். நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைத்தான் பார்த்து நிறுத்துகிறது. ஆனால் 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 200 மில்லி ஆம்பியர் மட்டும் கொடுக்கும் மெதுவான சார்ஜரில் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியாது. அது 14 முதல் 16 மணி நேரம் எடுக்கும். அப்படிப்பட்டவை சிலவற்றில் மணிக்கணக்கு வைத்து நிறுத்துவார்கள், சிலவற்றில் நிறுத்தவே மாட்டார்கள். மணிக்கணக்குச் சார்ஜருக்கும் ‘தன்னிறுத்தி’ என்ற பெயர் பொருந்திவிடும். பாதி தீர்ந்த பேட்டரியைப் போட்டாலும் அது முழு நேரம் ஓடும். பெற்றோர் அதை வாங்கினால் நம் சொல்லே அவர்களை ஏமாற்றியதாகிவிடும். ஆகவே ‘அறி’ கட்டாயம் வேண்டும்.

டீச்சர், இன்னொன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள்: 1.5 வோல்ட் சாதாரண அல்கலைன் பேட்டரியை எந்தச் சார்ஜரிலும் வைக்கக்கூடாது. மேலுறையில் 1.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

– கோலாலம்பூர்

---

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘மின்னூட்டி (சார்ஜர்)’, உள்ளே ‘நிறைந்ததை அறிந்து நிறுத்தும் மின்னூட்டி’. அதன் கீழே, கடையில் பார்த்ததும் தெரியும்படி, ‘குழிக்கொரு விளக்கு இருக்கிறதா பாருங்கள்’ என்று சேர்த்தேன். பேட்டரியைப் பேட்டரி என்றே விட்டுவிட்டேன் ஐயா. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிற தாள் அது.

– ஆசிரியை, சுங்கை சிப்புட்

---

சொற்றொடர் கலைச்சொல் ஆகாது டீச்சர். நான்கு சொல்லில் சொல்வது விளக்கம். ‘நிறைவறி’ என் முன்மொழிவாகவே இருக்கட்டும். மின்கலத்தையும் நான் விடுவதாக இல்லை.

– ஈப்போ

---

மின்னேற்றிக்கும் ஒரு வாக்கு இருந்ததாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

– யாழ்ப்பாணம்