பரோல் விசாரணை: வாசலுக்கு வந்தவங்க என்ன கேட்டாங்க?

வடக்குத்தெரு
மாமா ஆயுள் கைதி. மூணு வருஷம் தாண்டினதும், ஜெயில்ல இருந்து கொஞ்ச நாள் வீட்டுக்கு வர்ற சாதாரண லீவுக்கு எழுதிப் போட்டார். காரணம் 'வீடு பழுது பார்க்க'. அத்தை ஜெயிலுக்கு மனு பார்க்க, அதாவது மாமாவை நேர்ல பார்க்கப் போனப்போ பேசி வெச்ச காரணம் அது. பொய்யும் இல்லை, ஐப்பசி மழையில் நடு வீட்டில் அண்டா வெச்சிருந்தோம்.

லீவு மனுவை வீட்டுக்கு வந்து விசாரிக்கிற புரொபேஷன் ஆபீசர் (நன்னடத்தை அலுவலர்) வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டு அண்ணன் பாவம் பார்த்து மேலே ஏறி ஓடு மாத்திக் கொடுத்துட்டார். வந்த ஆபீசர் உட்காரவே இல்லை. செல்போன் டார்ச்சை அடிச்சு மோட்டுவளை வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். "கூரை நல்லாத்தானே இருக்கு?"ன்னார். அத்தை வாயைத் திறக்கிறதுக்குள்ள வாசல்ல நின்ன அந்த அண்ணன், "நான்தான் சார் போட்டேன், இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை"ன்னு பெருமையாச் சொன்னார்.

லீவு கிடைக்கலை. போலீஸ் ரிப்போர்ட்டால போச்சா, கூரை ஓட்டால போச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்த அண்ணன் தினமும் எதிர்ல வர்றார், சிரிக்கத்தான் வேண்டியிருக்கு.

கீழக்கரைக்காரன்
எங்களுக்கு எமர்ஜென்சி லீவு. அப்பா இறந்ததுக்கு, ஜெயில்ல இருக்கிற தம்பி எஸ்கார்ட்டோட, அதாவது போலீஸ் காவலோட வந்தான். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திரும்ப ஏத்தணும்னு உத்தரவு. துபாய்ல இருந்து பெரியவன் வந்துக்கிட்டிருக்கான், ஃபிளைட் லேட். அவன் வராம எடுக்கக் கூடாதுன்னு சித்தப்பாக்கள், அஞ்சரைக்குக் கிளம்பணும்னு போலீஸ்.

வந்த ரெண்டு பேர்ல வயசான ஏட்டு காலையில இருந்து சாப்பிடலை. பக்கத்து வீட்ல இருந்து சாம்பார் சாதம் கொண்டுவந்து அவருக்கு வெச்சாங்க. ஒரு கையில தட்டு, இன்னொரு கையில போன். "ஐயா, இன்னும் எடுக்கலைங்கய்யா... ஒரு மணி நேரங்கய்யா..."ன்னு யார்கிட்டயோ கெஞ்சிக்கிட்டே இருந்தார். எங்க வீட்டுச் சாவுக்கு யாரோ ஒருத்தர் அப்படிக் கெஞ்சினது மனசுல நின்னுபோச்சு. தம்பி அழுததுகூட எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லை. பெரியவன் அஞ்சே முக்காலுக்கு வந்து சேர்ந்தான்.

மனுதாரர்
வடக்குத்தெரு, கூரையை நினைச்சு ஏன் புலம்புறீங்க? தமிழ்நாட்டோட 1982 தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளை ஒரு தடவை படிங்க. நம்ம ஊர்ல சட்டப்படி 'பரோல்'னு ஒண்ணு தனியா இல்லை, எல்லாமே விடுப்புதான். சாதாரண விடுப்புக்கு வீடு கட்டுறது, பழுது பார்க்கிறது மட்டும் காரணம் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறது, கல்யாண ஏற்பாடு, குடும்பத் தகராறைத் தீர்க்கிறது, விவசாய வேலை எல்லாம் இருக்கு. ஒரே காரணத்தை மட்டும் எழுதினா அது உடைஞ்ச அன்னிக்கு மனுவும் உடையும். ரெண்டு மூணு சேர்த்து எழுதுங்க, உண்மையா இருக்கணும், அவ்வளவுதான்.

நிராகரிச்ச உத்தரவை எழுத்துல வாங்குங்க. "இல்லைன்னுட்டாங்க"ன்னு வாய்வார்த்தையோட வக்கீல்கிட்ட போகாதீங்க. அதை எதிர்த்து ஐகோர்ட்டுக்குப் போகலாம், சென்னையோ மதுரைக் கிளையோ உங்க மாவட்டத்தைப் பொறுத்தது. எஸ்கார்ட் இல்லாம 28 நாள்னு வர்ற உத்தரவுகள் நிறைய இருக்கு, பக்கத்து ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்னு நிபந்தனை இருக்கும். கேட்கிறது முழுசாக் கிடைக்காதுங்கிறதையும் மனசுல வெச்சுக்கோங்க. 2019 ஜூலையில ராஜீவ் கொலை வழக்குக் கைதி நளினி ஐகோர்ட்ல தானே நேர்ல நின்னு வாதாடினாங்க. மகள் கல்யாண ஏற்பாட்டுக்கு ஆறு மாசம் கேட்டாங்க, கிடைச்சது ஒரு மாசம். பத்திரிகைக்குப் பேட்டி கூடாது, அரசியல்வாதிகளைப் பார்க்கக் கூடாதுன்னு நிபந்தனை வேற.

என் அனுபவம்னா, அண்ணனுக்காக இதெல்லாம் பண்ணேன், கிடைச்சுது.

ஓய்வுபெற்றவள்
நான் அந்த வாசல்களில் நின்றவள், நன்னடத்தை அலுவலராக. மனுதாரர் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று காரணம் எழுதினால் மூன்றையும் நாங்கள் விசாரிக்க வேண்டும். ஒன்று ஆட்டம் கண்டால் மற்ற இரண்டின் மேலும் சந்தேகம் விழும். கூரையால் மட்டும் ஒரு மனு போனதாக நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் ஊரில் என்ன நடக்கும் என்ற பயம்தான் காரணம்.

அதனால் நான் கைதி வீட்டுக்கு முன்னால் எதிர்தரப்பு வீட்டுக்குப் போவேன். ஒரு ஊரில் செத்தவனுடைய அம்மா. ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டேன். வெகுநேரம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் வந்தா இந்தத் தெரு வழியாத்தான் போவானா?" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏரிக்கரை வழியாக இன்னொரு பாதை இருந்தது. அதை அறிக்கையில் எழுதி, அந்த வழியாக மட்டும் போக வர நிபந்தனை வைத்தால் விடலாம் என்று பரிந்துரைத்தேன். மேலே என்ன முடிவெடுத்தார்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்டதில்லை.

எடிசன்வாசி
இதுக்கெல்லாம் அமெரிக்கா மாதிரி போர்டு முன்னாடி உட்கார வெச்சுப் பேச விடணும்னு வேற இழையில் ஒருத்தர் எழுதியிருந்தார். இங்கே பல மாநிலங்கள்ல பரோல் போர்டு இருக்கு, ஃபெடரல் வழக்குல, அதாவது மத்திய அரசு சட்டப்படி வர்ற வழக்குல, அது கிடையாது. 1987 நவம்பர் 1-லிருந்து நடந்த குற்றங்களுக்குப் பரோலையே எடுத்துட்டாங்க. ஜெயில் முடிஞ்ச பிறகு மேற்பார்வையில் சில வருஷம், சூப்பர்வைஸ்டு ரிலீஸ்னு. அதுல நிபந்தனை மீறினா திரும்ப ஜட்ஜ் முன்னாடி. ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கவும் வேண்டாம், நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஜட்ஜுக்குப் பட்டாலே போதும்.

நண்பனோட அண்ணன் அனுமதி வாங்காம வர்ஜீனியாவுக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வந்தார். அதோட வேற ரெண்டு மீறலும் சேர்ந்துச்சு. ஹியரிங்குக்கு அவரே காரை ஓட்டிக்கிட்டு வந்தார், மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்னு. ஜட்ஜ் பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு மார்ஷல் (கோர்ட் போலீஸ்) அவருக்குப் பின்னாடி வந்து நின்னுட்டாங்க. கார் சாவி அவர் பாக்கெட்டோட உள்ளே போச்சு. அண்ணியும் நானும் பார்க்கிங்ல அந்தக் காரைச் சுத்திச் சுத்தி வந்தோம்.

மனுதாரர்
எடிசன்வாசி, அது தண்டனைக்கு அப்புறம் வர்ற கண்காணிப்பு. இங்கே பேசுறது தண்டனைக்கு நடுவுல வர்ற லீவு. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க. ஓய்வுபெற்றவள் அம்மா, அறிக்கை நகலைக் குடும்பத்துக்குக் கொடுத்தா என்ன குறைஞ்சுபோகும்?

ஓய்வுபெற்றவள்
நகல் கொடுத்தால் அடுத்த ஊரில் அந்த அம்மா என்னிடம் வாயே திறக்க மாட்டார், தம்பி.

ராணிப்பேட்டை அக்கா
எங்க விஷயம் லீவு இல்லை, முன்விடுதலை, தண்டனை முடியறதுக்கு முன்னாடியே விடுறது. எழுதலாமா தெரியலை. போர்டே இல்லைங்கிற மாதிரி பேசுறீங்க, அதுக்கு அறிவுரைக் கழகம்னு ஒண்ணு இருக்கு, ஜெயிலுக்குள்ளேயே கூடும். நளினி மனுவையும் 2010-ல அப்படித்தான் பார்த்தாங்க, அரசாங்கம் நிராகரிச்சுது. கொலைக் கேஸ்ல ஆயுள்னா 14 வருஷம் உள்ளே முடிச்சிருக்கணும், அதுக்கு முன்னாடி வரணும்னா கவர்னர் மன்னிப்பு மாதிரி தனி உத்தரவு வேணும்.

என் தம்பியை உள்ளே கூப்பிட்டு, "வெளியே விட்டா எங்கே தங்குவே?"ன்னு கேட்டிருக்காங்க. "அக்கா வீட்ல"ன்னு சொல்லிட்டான், விலாசத்தோட. மனு பார்க்கப் போனப்போ சந்தோஷமா என்கிட்ட சொல்றான். என்னை ஒருத்தரும் கேட்கலை, அவனும் கேட்கலை. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற வீடு. எங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலை, விசாரணைக்கு ஆள் வர்றதுக்குள்ள சொல்லியாகணும்.