மண்ணுக்குள் 4 அடியில் இருக்கும் போர்வெல் பைப்பை மெட்டல் டிடெக்டர் காட்டுமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். மடிப்பாக்கத்தில் எங்கள் பழைய மனை, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் லாரி லாரியாக மண் கொட்டி ஏறக்குறைய 4 அடி உயர்த்திவிட்டோம். அப்பா போட்ட போர்வெல் அதற்கடியில் மூடியோடு புதைந்து கிடக்கிறது, எந்த இடம் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது வீடு கட்டப் போகிறோம். தூண் அதன் மேல் வந்துவிடக் கூடாது, கிடைத்தால் மொட்டைமாடி மழைநீரை அதில் இறக்கிவிடவும் ஆசை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் "இந்த மெஷின் 10 அடி வரை எடுக்கும்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

காயில்பித்தன்:
எதை 10 அடியில் எடுக்கும் என்று கேளுங்கள் சார். பொருளின் அளவைச் சொல்லாமல் ஆழத்தை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 10, 11 அங்குலக் காயில் (தரைமேல் ஆட்டும் வட்டத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) வைத்த சாதாரணக் கை மெஷின் ஒரு நாணயத்தை 8 முதல் 12 அங்குலம் வரைதான் பிடிக்கும், அதுவும் மண் ஒத்துழைத்தால். காயிலில் இருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது, சின்னப் பொருளில் இருந்து பதில் சிக்னல் திரும்பி வரும் வழியில் மறுபடி எட்டில் ஒரு பங்கு, ஆகக் கையில் சேர்வது 64ல் ஒரு பங்கு. அதனால்தான் காயிலில் ஓடும் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் ஆழம் சுமார் 12 சதவீதம்தான் கூடும். ஆழம் வேண்டுமானால் காயில் பெரிதாக வேண்டும், தேடும் பொருளும் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கம்பின் இரண்டு முனையிலும் பெட்டி மாட்டித் தூக்கிக்கொண்டு நடக்கிற மாடல் உண்டு, அது ஆணி, சோடா மூடி எதையும் கண்டுகொள்ளாது, அண்டா அளவு உலோகம் என்றால் 4, 5 அடியில்கூடக் காட்டும். கடையில் காற்றில் ஆட்டிக் காட்டுவதைப் பார்த்து மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தரைக்கடியில்:
முதலில் கேசிங், அதாவது துளை இடிந்துவிடாமல் இறக்கியிருக்கும் வெளிக்குழாய், இரும்பா, பிவிசியா என்று அப்பாவிடம் கேளுங்கள். பிவிசி என்றால் எந்த டிடெக்டரும் அதைப் பார்க்காது, உள்ளே மோட்டாரும் இரும்புக் குழாயும் இருந்தால்தான் வழி.

இரும்பு என்றால் காந்த லொக்கேட்டர் நல்ல கருவி. அது சிக்னல் எதையும் அனுப்புவதில்லை, இரும்பு தன்னைச் சுற்றி ஏற்படுத்தும் காந்தப்புல மாற்றத்தை மட்டும் படிக்கிறது, அதனால் செங்குத்தாக நிற்கும் நீளமான பைப் நல்ல ஆழத்திலும் தெரியும். ஆனால் வெளிநாட்டுக் கையேட்டில் போட்டிருக்கும் ஆழத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடான காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால் சென்னையிலும் அது கிட்டத்தட்டப் படுத்த நிலையில்தான் இருக்கிறது, நிற்கிற பைப்பை அந்தப் புலம் அமெரிக்கா, ஐரோப்பா அளவுக்குக் காந்தமாக்குவதில்லை. பைப்பிலேயே தங்கியிருக்கும் காந்தத்தைத்தான் பெரிதும் நம்ப வேண்டும்.

இன்னொன்று, கொட்டியது சுத்தமான மண்ணா, கட்டட ரப்பிஷா? ரப்பிஷ் என்றால் துண்டுக் கம்பிகள் ஒவ்வொன்றும் கத்தும், வாங்கிய அன்றே வெறுத்துப் போய்விடுவீர்கள்.

பழைய பிட்டர்:
தம்பி, மெஷின் வாங்கவே வேண்டாம். மோட்டாருக்குப் போன பழைய கேபிளின் நுனி சுவர் ஓரம் எங்காவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கரண்ட் இணைப்பு முழுக்க எடுக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து உறுதி செய்துகொண்டு, கேபிள் லொக்கேட்டர் வைத்திருப்பவரை வாடகைக்குக் கூப்பிடுங்கள். கேபிளில் ஒரு சிக்னலைக் கொடுத்துவிட்டு மேலே ரிசீவரோடு நடந்தால் 4 அடியில் அது போகும் பாதை தெளிவாகத் தெரியும், பாதை எங்கே முடிகிறதோ அங்கேதான் போர். உலோகம் எங்கே என்று துழாவுவதைவிட நாமே ஒரு கம்பியில் சிக்னல் ஏற்றிப் பின்தொடர்வது எவ்வளவோ சுலபம். கூகுள் எர்த்தில் 2015க்கு முந்தைய படங்களையும் புரட்டிப் பாருங்கள், மோட்டார் ரூம் கூரை தெரியலாம்.

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. அப்பா சொல்கிறார், மேலே 2 நீளம் இரும்பு கேசிங்தான், மோட்டாரை வெளியே எடுக்கவே இல்லையாம். கிழக்குச் சுவர் ஓரம் மூன்று கோர் ஒயர் ஒன்று வெட்டிவிட்டபடி நிற்கிறது. மெஷின் வாங்கவில்லை. தாம்பரம் பக்கம் லொக்கேட்டர் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், அடுத்த வாரம் தூணுக்கு மார்க்கிங் போடுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.