மரத்தில் கயிற்றில் தொங்கிப் பழகினால் ஆலம் பாட் குகைக்குழியில் இறங்கிவிடலாமா?

ஈரச்சாக்கு:
லீட்ஸில் படிக்கிறேன். யார்க்‌ஷயர் டேல்ஸில் லோயர் லாங் சர்ன் குகை வழியாக ஆலம் பாட் என்ற ஆழக் குழியில் கயிற்றில் இறங்க ஆசை. கல்லூரிக் குகைக் குழு இலையுதிர் காலத்தில்தான் பயிற்சி தொடங்குமாம், அதுவரை பொறுமை இல்லை. உடம்பில் கட்டும் ஹார்னஸ், கயிற்றில் ஏற மார்பில் மாட்டும் க்ரோல், கையால் தள்ளும் ஜூமர், இறங்குவதற்கு ஸ்டாப் என்ற டிசெண்டர் எல்லாம் ஒருவர் விற்றதை மொத்தமாக வாங்கிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் பெரிய ஓக் மரம் இருக்கிறது. கோடை முழுக்க அதில் பழகிவிட்டு என்னைப் போலவே புதிதான ஒரு நண்பனோடு நேரே போனால் என்ன? இடுப்பில் எதை எங்கே மாட்டுவது என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

டேல்ஸ் முத்து:
மரம் நல்ல இடம்தான் தம்பி. ஆனால் ஏறி இறங்குவதை மட்டும் பயிற்சி என்று நினைக்காதே, அது ஒரே மதியத்தில் வந்துவிடும். இறங்கும்போது பாதியில் நின்று ஏறுவதற்கு மாறுவது, ஏறும்போது இறங்குவதற்கு மாறுவது, முடிச்சைத் தாண்டுவது, அப்புறம் ரீபிலே, இவைதான் பழக வேண்டியவை. டேல்ஸ் குழிகளில் கயிறு பாறையில் உரசாமலிருக்க நடுவழியில் மறுபடி பாறையில் அடித்த போல்ட்டில் கட்டியிருப்பார்கள், அதுதான் ரீபிலே. கவ்ஸ்டெயில் என்பது ஹார்னஸிலிருந்து தொங்கும் கொக்கி வைத்த கயிறு, குட்டை ஒன்று, நீளம் ஒன்று. அங்கே போனதும் குட்டைக் கவ்ஸ்டெயிலைப் போல்ட்டில் மாட்டி, உன் எடை அதில் உட்காரும்வரை இறங்கி, நீளக் கவ்ஸ்டெயிலையும் மாட்டிக்கொண்டு, டிசெண்டரைக் கழற்றிக் கீழ்க்கயிற்றில் போட்டுப் பூட்ட வேண்டும். பிறகு கயிற்று வளைவில் காலை வைத்து எழுந்து குட்டையைக் கழற்றி, டிசெண்டர் உன்னைத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் நீளத்தைக் கழற்றலாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை செய்.

ஹன்ட்ஸ்வில் பாலா:
முத்து அண்ணா சொல்வது யார்க்‌ஷயர் பாடம். இங்கே அலபாமா, ஜார்ஜியா பக்கம் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே தடித்த கயிறு, விளிம்பில் உரசாமல் ஒரு பட்டை, அவ்வளவுதான். எல்லிசன்ஸ் குகையில் ஃபென்டாஸ்டிக் பிட் 586 அடி, நடுவில் எதுவுமே கிடையாது. இங்கே ஆளைத் திணறடிப்பது விளிம்பு. ஏறி முடித்துக் களைத்து வரும்போது கயிறு உன் எடையாலேயே பாறையோடு ஒட்டிக்கிடக்கும், ஜூமரை மேலே தள்ள ஒரு விரல்கூட உள்ளே போகாது. ஓக் மரம் அதைச் சொல்லித்தருமா? இருட்டு, சேறு, கொட்டும் தண்ணீர்? 2011ல் அதே எல்லிசன்ஸில் இரண்டு கல்லூரி மாணவர்கள் அருவி விழும் குழியில் சிக்கி உடல் குளிர்ந்து இறந்தார்கள். கோடை முழுக்க மரத்தில் தொங்கியவன் எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு வருவான், எனக்கு அவனைக் கண்டால்தான் பயம். பழகிய ஆளோடு பத்து மீட்டர் காய்ந்த குழிக்குச் சீக்கிரமே போவது மேல்.

டேல்ஸ் முத்து:
அந்த இருவருக்கு என்ன நடந்தது என்று தூரத்திலிருந்து தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அருவிக்கடியில் தொங்குபவனுக்கு விரல் மரத்துப்போவதற்குள் இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டாமா? அதை எங்கே பழகுவான், அருவியிலேயேவா? விளிம்பைப் பற்றிச் சொன்னது சரி. அதற்கு மரம் வேண்டாம், உயரமான சுவர் விளிம்பில் கயிற்றைத் தொங்கவிட்டுப் பழகலாம்.

நூல்கண்டு:
இரண்டு அண்ணன்களும் ஊர்ச்சண்டை போடுகிறீர்கள், மரத்தில் கயிற்றை எப்படிக் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லையே. பயிற்சிக் கயிற்றைக் கிளையில் முடிந்துவிட்டால் நடுவில் சிக்கியவனை எப்படி இறக்குவீர்கள்? ஹார்னஸில் அசையாமல் தொங்குவது நிமிடக் கணக்கில் ஆபத்தாகும். மேலே உறுதியான காராபினர் (திறந்து பூட்டும் கொக்கி) வழியாக விட்டு, மறுமுனையை அடிமரத்தில் பூட்டிய டிசெண்டரில் கட்டி வையுங்கள். சிக்கினால் கீழே நிற்பவர் அதைத் திறந்து ஆளை அப்படியே இறக்கிவிடலாம். அதற்கு உயரத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கயிறு வேண்டும், நிற்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கூந்தலை ஹெல்மெட்டுக்குள் செருகுங்கள், தொளதொள சட்டை வேண்டாம், டிசெண்டர் இரண்டையும் இழுத்துக்கொள்ளும். சிக்கியதும் கத்தியை எடுக்காதீர்கள், எடை தாங்கி நிற்கும் கயிறு கத்தி பட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும். ஜூமரில் கால் வளையத்தை மாட்டி எழுந்து எடையை எடுத்தால் முடி தானாக வெளியே வரும்.

ஈரச்சாக்கு:
இடுப்பு வரிசை?

டேல்ஸ் முத்து:
எந்த வரிசை என்று அடித்துக்கொள்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் தினமும் ஒரே வரிசை, அதுவே போதும், இருட்டில் கை தானாகப் போக வேண்டும். அளவுதான் முக்கியம். ஜூமரோடு உன்னை இணைக்கும் கயிற்றில் தொங்கும்போது ஜூமர் கைக்கு எட்ட வேண்டும், எட்டாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வாய். கால் வளையத்தில் நேராக நின்றால் க்ரோல் ஜூமருக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மார்புப் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். கவ்ஸ்டெயில் இழுத்தால் நீளும் டைனமிக் கயிற்றிலேயே இருக்கட்டும், டைனீமா என்ற நீளாத நார் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. ஜூமருக்கு மேலே ஏறி நின்று தளர்ச்சி விட்டு விழுந்தால் ஜூமரின் பல் கயிற்றின் உறையைக் கிழித்துவிடும். சேறு அப்பிய பல்லைத் தேய்க்க ஒரு பழைய டூத்பிரஷ். கயிற்று நுனியில் முடிச்சு போடாமல் இறங்காதே.

ஹன்ட்ஸ்வில் பாலா:
இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் புது ஆளுக்கு ஸ்டாப் எதற்கு? பதறுபவன் கையை விடமாட்டான், இன்னும் இறுக்கிப் பிடிப்பான், இறுக்கினால் அது திறக்கும். கைப்பிடியை விட்டால் நிற்கும் என்ற தைரியமே கெடுதல். ரேக் என்ற குறுக்குக் கம்பி வைத்த டிசெண்டர் தானாக நிற்காது, அதனால் கீழ்க்கயிற்றிலிருந்து கை எடுக்கவே தோன்றாது. நீளக் குழியில் கீழே தொங்கும் கயிற்றின் கனத்தில் ஸ்டாப் நகரவே அடம்பிடிக்கும்.

டேல்ஸ் முத்து:
ரேக்கோடு டேல்ஸில் ரீபிலே ரீபிலேயாக இறங்கிப் பார், அப்புறம் பேசு. ஸ்டாப்பிலும் கீழ்க்கயிற்றைப் பிடித்த கைதான் பிரேக் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் போதும்.

நூல்கண்டு:
தம்பி, யாரோ விற்ற ஹார்னஸையும் கவ்ஸ்டெயிலையும் தூக்கிப்போடு, அதன் வரலாறு உனக்குத் தெரியாது. உலோகச் சாமான் பரவாயில்லை, ஆனால் க்ரோலின் பற்கள் மழுங்கி உடம்பில் கயிறு அரைத்த பள்ளம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஈரச்சாக்கு:
பள்ளம் இருக்கிறது.

ஹன்ட்ஸ்வில் பாலா:
அப்போ புதுசு வாங்கு. அந்த நண்பனோடு தனியாகப் போவதையும் விடு, இரண்டு புது ஆளில் ஒருவன் கயிற்றில் மயங்கினால் மற்றவனுக்கு இறக்கத் தெரியாது. இதில் முத்து அண்ணாவும் என் கட்சிதான் என்று நினைக்கிறேன்.

டேல்ஸ் முத்து:
இதில் மட்டும். மயங்கியவனைக் கயிற்றிலிருந்து எடுப்பதையும் அதே மரத்தில்தான் பழக வேண்டும்.