அப்பா அம்மா வீட்டு கேமரா: 8 எம்பின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

நம்ம ஊர் சொந்தங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஷார்ஜா தம்பி கேட்டிருந்தாரு, மடிப்பாக்கத்துல அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்காங்க, வாசலுக்கு 8 எம்பி (மெகாபிக்சல், அதாவது படத்துல எண்பது லட்சம் புள்ளி) கேமரா போடலாமா இல்ல 4 எம்பியே போதுமான்னு. அவருக்கு மட்டும் பதில் போடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா நம்மள்ல பாதி வீட்ல இதே கதைதானே, பெரியவங்க சென்னைல, புள்ளைங்க கடல் தாண்டி, அதனால எல்லாருக்கும் சேத்தே எழுதறேன்.

மொதல்ல எங்க நங்கநல்லூர் வீட்ல நடந்தது. கேட்டுக்கு மேல 8 எம்பி கேமரா போட்டிருந்தோம், பகல்ல எதிர்வீட்டுக் கோலத்துல புள்ளிய எண்ணிடலாம், அவ்ளோ தெளிவு. போன ஐப்பசில ஒரு நாள் விடிகாலை ரெண்டே முக்காலுக்கு ஒருத்தன் கேட்டத் தாண்டிக் குதிச்சு, நிதானமா ஸ்பேனர் போட்டு தண்ணி மோட்டாரக் கழட்டித் தூக்கிட்டுப் போயிட்டான். காலைல போட்டுப் பாத்தா ஆளு முழுசா வர்றான், ஆனா மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஈரத்துணியால சிலேட்ட அழிச்ச மாதிரி ஒரு வெள்ளப் பூச்சு, நடக்கும்போது ரெண்டு கால் நாலா தெரியுது. எதிர்வீட்டு மாமி வீட்ல இருக்கறது பழைய 4 எம்பி, தூண்ல ஏழடி ஒசரத்துல இருக்கு, பக்கத்துல ராத்திரி பூரா ஒரு பல்பு எரியும். அதுல அவன் தாடி, சட்டைல இருந்த கட்டம் எல்லாமே தெரிஞ்சுது. ஸ்டேஷன்ல அந்தப் படத்ததான் வாங்கிக்கிட்டாங்க. அன்னிக்கு அம்மா கைய புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது இன்னும் மனசுல இருக்கு, அதான் இவ்ளோ சொல்றேன்.

விஷயம் என்னன்னா சென்சார் (லென்ஸுக்குப் பின்னாடி வெளிச்சத்த வாங்கற சில்லு) அதே சைஸ்ல இருந்தா, எம்பி ஏற ஏற அதுல இருக்கற ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு புள்ளியும், சின்னதாயிடுது. 1/2.8 இன்ச் சென்சார்ல 2 எம்பி இருந்தா ஒரு பிக்சல் 2.9 மைக்ரான், அதே சைஸ் சென்சார்ல 8 எம்பிய அடைச்சா 1.45 தான், அப்போ பரப்பு நாலுல ஒரு பங்கு, ஒவ்வொண்ணும் வாங்கற வெளிச்சமும் நாலுல ஒரு பங்கு. ராத்திரி இது பத்தாம கேமரா ரெண்டு வேல பண்ணும், ஒண்ணு படத்தோட வெளிச்சத்த வலுக்கட்டாயமா ஏத்தி பொரபொரன்னு புள்ளி வர வெக்கும், இன்னொண்ணு ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வெக்கும். ரெண்டாவதுதான் ஆபத்து. சாதாரணமா நடக்கற ஆளு 1/25 செகண்டுக்குள்ள அஞ்சாறு சென்டிமீட்டர் நகந்துடுவான், 1/12ன்னா பதினொண்ணு, மனுஷ மூஞ்சியோட அகலமே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான், அப்புறம் எங்க மூஞ்சி தெரியறது? கடைல காட்டற ராத்திரிப் படத்துல சுவரும் காரும் மட்டும் சும்மா நிக்கும், அதனால பளிச்சுன்னு இருக்கும். நடக்கற ஆள காட்டச் சொல்லிக் கேளுங்க.

அதனால நான் சொல்றது வாசலுக்கு 1/1.8 இன்ச் சென்சார் வெச்ச 4 எம்பி, இதுலயும் பிக்சல் 2.9 மைக்ரான்தான் (கீழ இருக்கற நம்பர் சின்னதா இருந்தா சென்சார் பெருசு, நெறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க). லென்ஸ் எஃப்1.0 (இந்த நம்பர் சின்னதா இருந்தா லென்ஸோட வாய் பெருசு) கெடச்சா எஃப்1.6 விட ரெண்டரை மடங்கு வெளிச்சம் உள்ள வரும். டப்பால போட்டிருக்கற 0.001 லக்ஸ் (எவ்ளோ இருட்டுல படம் எடுக்கும்னு சொல்ற அளவு) கணக்க நம்பி வாங்காதீங்க, ஷட்டர எவ்ளோ நேரம் தொறந்து வெச்சு அளந்தாங்கன்றதப் பொறுத்து அந்த நம்பர் மாறும். 4 எம்பில மூஞ்சி போதுமா தெரியுமான்னா, அடையாளம் காண ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேணும்ங்கறது இந்தத் துறைல வெச்சிருக்கற அளவு, படத்தோட அகலம் 2560 பிக்சல், அப்போ பத்து மீட்டர் அகலம் வரைக்கும் தாங்கும், நம்ம கேட் பத்தடி பன்னெண்டடிதானே. தெரு முழுக்க பாக்கணும்னு 2.8 எம்எம் லென்ஸ் போட்டா மூஞ்சி சின்னதாயிடும், கேட்டுக்கு 4 எம்எம் போடுங்க. 8 எம்பியே வேணாம்னு சொல்லல, அபார்ட்மென்ட் பார்க்கிங் மாதிரி ராத்திரி பூரா டியூப்லைட் எரியற பெரிய எடத்துக்கு நல்லாவே இருக்கும். 1/1.2 இன்ச் சென்சார்ல 8 எம்பி வந்தா இருட்டுலயும் நல்லா வரும், வெல அதிகம்.

ஒரு 9 வாட் எல்இடி பல்பு மறக்காதீங்க. ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு மூணு யூனிட் சொச்சம்தான். கேமராவ சன்ஷேடுக்கு ஒட்டி மாட்ட விடாதீங்க, அதோட ஐஆர் (அகச்சிவப்பு, ராத்திரி பாக்க கேமராவே அடிக்கற) வெளிச்சம் சன்ஷேடுல பட்டுத் திரும்பி வந்து மத்ததெல்லாம் கருப்பாயிடும். ரொம்ப ஒசரத்துல ஏத்தினா மூஞ்சிய விட தலை உச்சிதான் அதிகமா தெரியும். பல்பு வெளிச்சத்துக்கு பூச்சி வரும், பூச்சிய தேடி சிலந்தி வந்து லென்ஸ் முன்னாடியே வலை கட்டும், மாசம் ஒரு தடவ ஒட்டடைக் குச்சியால தட்டிவிடச் சொல்லுங்க. மாட்டற பையன் கெளம்பறதுக்கு முன்னாடி ஷட்டர் 1/50 செகண்டுக்கு மேல தொறந்திருக்காத மாதிரி செட் பண்ண வெச்சிடுங்க, படம் கொஞ்சம் இருட்டாகும், பரவால்ல, மூஞ்சி இழுக்காது.

ஹார்ட்டிஸ்க் கணக்கு ஈசி, செகண்டுக்கு 4 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பதிவானா ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி, ரெண்டு கேமராவுக்கு 1 டிபி போட்டா பதினோரு நாளு நிக்கும்.

தம்பி, நீங்க ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைல வெல கேட்டு வெச்சிருக்கற மாடல் பேர இங்க போடுங்க, சென்சார் சைஸ் பாத்து சொல்றேன். மடிப்பாக்கம் எனக்கு கிட்டதான், மாட்டினப்புறம் சனிக்கிழமை அப்பாவ பாத்துட்டு, இருட்டினதும் கேட்லேந்து வாசப்படி வரைக்கும் நானே வேகமா நடந்து காட்டறேன். நீங்க அங்கேந்து போன்ல பாத்து என் மூஞ்சி தெரியுதான்னு சொல்லுங்க.