டட்லியின் கையில் பிளேஸ்டேஷன் எப்படி வந்தது?

கேள்வி:
ஹாரி பாட்டர் நாலாம் புத்தகத்தை மூன்றாவது முறையாக வாசிக்கிறேன். தன் ஞானத்தந்தை சிரியஸுக்கு எழுதும் கடிதத்தில், உறவுக்காரப் பையன் டட்லி கோபத்தில் பிளேஸ்டேஷனை (வீடியோ கேம் கருவி) ஜன்னல் வழியாக வீசிவிட்டான் என்கிறான் ஹாரி. இரண்டாம் புத்தகத்தில் நிக் என்ற பேய்க்கு 500ஆவது நினைவு நாள். கேக்கில் இறந்த வருடம் 1492 என்று இருக்கும். ஆக அது 1992. புத்தகத்துக்கு ஒரு வருடம் என்றால் நாலாம் புத்தகக் கோடை 1994. பிளேஸ்டேஷன் ஜப்பானிலேயே அந்த டிசம்பரில்தான் வந்தது, பிரிட்டனுக்கு 1995 செப்டம்பரில். என் கணக்கு எங்கேயாவது உதைக்கிறதா?

பதில் 1:
கணக்கு சரி. அந்தக் கேக் மட்டும் இல்லையென்றால் யாரும் பிடித்திருக்க முடியாது!

பதில் 2:
இதென்ன, அதே நாலாம் புத்தகத்தின் கல்லறைக் காட்சியைப் பாருங்கள். வில்லன் வோல்டெமார்ட்டின் மந்திரக்கோலிலிருந்து, அதனால் கொல்லப்பட்டவர்களின் நிழலுருவங்கள் வரும்; கடைசியாகச் செத்தவர்தான் முதலில் வெளிவர வேண்டும். ஹாரியின் அப்பா ஜேம்ஸுக்குப் பிறகு செத்தவர் அம்மா லில்லி. என் பழைய பிரதியில் ஜேம்ஸ் முதலில், லில்லி பிறகு. தங்கையின் பிரதியில் லில்லி முதலில். இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, பிற்பாடு திருத்தி அச்சிட்டிருக்கிறார்கள்.

கேட்டவர்:
அடடா, என்னுடையதிலும் ஜேம்ஸ்தான் முதலில்! இன்னொன்று: நாலாம் புத்தகத்தில் செப்டம்பர் 1 பள்ளிக்கூட ரயில் ஏறினால் மறுநாள் திங்கள்கிழமை வகுப்பு. 1994இல் அந்த மறுநாள் வெள்ளி. பிளேஸ்டேஷனைக்கூட மன்னிக்கலாம், காலண்டரைப் பார்க்க என்ன செலவு?