முகத்துக்கு ஊசி: போடாக்ஸா, ஃபில்லரா, ஸ்கின் பூஸ்டரா? போட்டவர்கள் சொல்லுங்கள்

கோமதிபுரம் அக்கா:
தங்கச்சி மகள் கல்யாணம் வருகிறது, சித்திரை வெயிலில் அலைந்து முகம் வறண்டுபோய்க் கிடந்தது, சரி, ஊசி போட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினேன். முதலில் போனது பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு இடம், பார்லரா கிளினிக்கா என்றே புரியவில்லை. உட்கார்ந்ததும் விலைப்பட்டியலை நீட்டினார்கள், முகத்தைப் பார்த்தது அப்புறம்தான். நெற்றிக்கு போடாக்ஸ், கண்ணுக்குக் கீழே ஃபில்லர், கலருக்கு குளூட்டாதயோன் டிரிப், எல்லாம் சேர்த்து பேக்கேஜ், இந்த வாரம் ஆஃபர் மேடம். ஊசி போடப்போவது யார் என்று கேட்டால் "எங்க ட்ரெயினர் மேடம்தான்" என்கிறார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் எம்.டி. டி.வி.எல். படித்த தோல் டாக்டரிடம் போனேன். அவர் சிரிக்கச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். தசை சுருங்கும்போது விழுகிற கோட்டுக்குத்தான் போடாக்ஸாம். நரம்பிலிருந்து தசைக்குப் போகிற சேதியைத் தடுத்துவைக்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம், மூன்று நான்கு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கன்னம் ஒட்டிப் பள்ளம் விழுந்திருந்தால் அதை நிரப்ப ஃபில்லர். எனக்கு இரண்டும் இல்லை, தோல்தான் மெலிந்து வறண்டிருக்கிறது, ஸ்கின் பூஸ்டர் போதும் என்றார். ஃபில்லரில் பெரும்பாலும் இருக்கிற அதே ஹயலுரானிக் அமிலம்தான், ஆனால் இது மேடாக்காது, தோலுக்குள் பரவி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ப்ரொஃபைலோ என்கிற பூஸ்டரைப் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து இடத்தில் குத்துவார்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும். குத்தின இடம் கொசு கடித்த மாதிரி தடித்து, மறுநாளே அமுங்கிவிட்டது. பத்து வயசெல்லாம் குறையாது, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். பவுடர் திட்டுத் திட்டாக நிற்பது போயிற்று, எனக்கு அது போதும்.

மேலூர்க்காரி:
அக்கா, எனக்கு மங்கு. பி.ஆர்.பி. செய்துகொள்ளலாமா என்று கேட்கப் போனேன், நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிளேட்லெட்டைப் பிரித்துத் திரும்பக் குத்துவதுதானே, அலர்ஜி பயம் இல்லை என்று நினைத்து. இப்போதைக்கு எந்த ஊசியும் வேண்டாம், நம்ம நிறத்துக்குக் குத்தின இடம் கறுத்துப்போகலாம், முதலில் சன்ஸ்கிரீனும் கிரீமும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். காசை வேண்டாம் என்கிற டாக்டரும் ஊரில் இருக்கிறார். ஆமாம், கல்யாணத்துக்கு எவ்வளவு முன்னாடி போடவேண்டும்?

திருமங்கலம்:
ஃபில்லர் போட்டவள் நான். போடுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்டேன், கரைக்கிற மருந்து ஹயலுரானிடேஸ் கைவசம் இருக்கிறதா? டாக்டர் எடுத்தே காட்டினார். ரத்தக்குழாய்க்குள் ஃபில்லர் போய் அடைத்தால் தோல் செத்துப்போகும், அபூர்வமாகப் பார்வையே போகும், அந்த நேரத்தில் மருந்துக்கடைக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது. சிரிஞ்சை நம் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், குத்தின இடம் கன்றிப்போகும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த குளூட்டாதயோன் டிரிப் பக்கமே போகவேண்டாம். தோலை வெளுக்க வைக்கிற ஊசி எதற்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததில்லை.

மேலூர்க்காரி, முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் எதுவும் வேண்டாம். போடாக்ஸ் என்றால் ஒரு மாதம் முன்னாடி, ஒரு புருவம் ஏறி ஒன்று இறங்கி நின்றால் சரிசெய்ய நேரம் இருக்கும். பூஸ்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.