பிலிம் கேமராவோடு ஊர் சுற்றியதில் இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பு

கரிசல்நிழல்:
மரக்காணம் உப்பளம், மே மாதக் காலை. நிக்கான் எஃப்எம்2 கேமரா, உள்ளே எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம். அங்கே போனவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் வந்த அம்மாவிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். கூடையை இறக்காமலே, "எடுத்துக்கப்பா. ஆனா காலை எடுக்காதே" என்றார். முழித்தேன். "வர்றவன் எல்லாம் குனிஞ்சு வெடிச்ச காலைத்தான் எடுக்கிறான். எனக்கு மூஞ்சி இல்லையா?" முகத்தை எடுத்தேன். சிரிக்கவில்லை, லென்ஸை நேராகப் பார்த்தார். இப்போது எந்தக் கண்காட்சியில் உப்பளப் படம் மாட்டியிருந்தாலும் கால் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். இருக்கிறது.

தனிப்பயணி:
கேட்டுவிட்டு எடுத்தால் ஆள் விறைத்துவிடுவார், பிறகு அது பாஸ்போர்ட் படம். கேட்காமல் எடுப்பதுதான் என் வழக்கம். மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுத்த வயலில் ராமநாதபுரத்துக் கீதாரிகள், ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிறவர்கள், கிடை போட்டிருந்தார்கள். மொத்த மந்தையும் ஃபிரேமுக்குள் வரட்டும் என்று வைட் லென்ஸை மாட்டினால், பெரியவர் ஒருவர் குறுக்கே கையை நீட்டிவிட்டார். "என்னை எடுங்க, நாயை எடுங்க. ஆட்டை மொத்தமா எடுக்காதீங்க தம்பி, கண்ணு பட்டுரும்." அவரையும் நாயையும் எடுத்தேன். நல்ல நாய். ஆடே இல்லாத கிடைப் படம் வேறு யாரிடமாவது இருக்கிறதா?

ஃபிக்சர்மாமா:
தூத்துக்குடி உப்பளத்தில் மேஸ்திரி விரட்டிவிட்டார், என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் கரிசல்நிழல், வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் சொன்னபடியே எடுத்தீர்களா? மீட்டருக்கு வெள்ளை தெரியாது, எதையும் 18 சதவீதச் சாம்பலாக்கப் பார்க்கும். உப்புக் குவியலை அளந்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம். இல்லாவிட்டால் உப்பு அழுக்காகும், முகம் கரியாகும். பேட்டரி செத்தாலும் எஃப்எம்2 ஷட்டர் ஓடும், மீட்டர்தான் போகும். அப்போது நல்ல வெயிலுக்கு 400 வேக பிலிமில் லென்ஸ் துளை எஃப்16, ஷட்டர் 1/500 நொடி. அளத்துக் காற்றில் லென்ஸைக் கழற்றவே கூடாது. விமானத்தில் போனால் ரோலைக் கையால் பரிசோதிக்கச் சொல்லுங்கள், பையைச் சோதிக்கிற புது சி.டி. எக்ஸ்ரே ஸ்கேனர் பிலிமைக் கெடுத்துவிடும். அப்புறம்

அளத்துப்பொண்ணு:
மாமா, முகம் கரியானதா என்பதா இங்கே பேச்சு? எங்கள் ஊர் வேதாரண்யம். 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம் என்று அகஸ்தியன்பள்ளி நினைவுத் தூணைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே அளத்துக்கும் வருவார்கள். அம்மாவை எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர், மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமராக்காரர், அட்ரஸ் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அம்மா ரொம்ப நாள் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் படம் என்று இருப்பது ரேஷன் கார்டில் உள்ளதுதான். தனிப்பயணி, அந்தப் பெரியவருக்கு பிரிண்ட் போனதா?

தனிப்பயணி:
கீதாரிக்கு ஏதம்மா அட்ரஸ்? அடுத்த வாரம் வேறு ஊர் வயலில் இருப்பார்.

அளத்துப்பொண்ணு:
அறுப்பு முடிந்தால் திரும்ப அந்தப் பக்கம்தானே வருவார்கள்? வயல்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

ஃபிக்சர்மாமா:
கொடுப்பதானால் ஆர்.சி. தாளில், அதாவது பிளாஸ்டிக் பூசிய பிரிண்ட் தாளில் போடுங்கள். பூச்சில்லாத ஃபைபர் தாள் சுருண்டுவிடும்.